குளத்து வாயு

என் வேலை ஒரு வாயுவைக் காவல் காப்பது. டுரியான் துங்கால் ஊரிலிருந்து உள்ளே போகும் பாதையில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலை இருக்கிறது. அதன் பின்புறத்தில், தடித்த கறுப்பு உறையால் மூடிய ஒரு குளம். பழக்குலைகளை ஆவியில் வேகவைத்துப் பிழிந்தபின் மிஞ்சும் கழிவுநீர் அந்தக் குளத்துக்குள் போய்ப் புளிக்கிறது. புளித்து எழும் வாயு உறையை மெல்ல ஊத வைக்கிறது. அதைக் குழாய் வழியே இழுத்து, கழுவி, எஞ்சினில் எரித்து, மின்சாரமாக்கிக் கம்பியில் அனுப்புகிறோம். மீட்டர்களைப் பார்ப்பது, குழாயில் தேங்கும் தண்ணீரை வடிப்பது, எஞ்சின் சத்தம் மாறுகிறதா என்று காது கொடுப்பது. இதுதான் என் பொழுது.

இதே குளத்தின் வாயுதான் என் அண்ணனைக் கொன்றது.

இரண்டையும் சேர்த்துக் கேட்பவர்கள், எப்படி உங்களால் அங்கே வேலை செய்ய முடிகிறது என்று கேட்பார்கள். நான் ஏதோ சொல்லி மழுப்பிவிடுவேன். இங்கே மழுப்பாமல் எழுதப் பார்க்கிறேன்.

அண்ணன் எனக்கு நான்கு வயது மூத்தவர். ஆலைப் பட்டறையில் ஃபிட்டர். முன்கோபி. அவருடைய ஸ்பானரை எடுத்து வேறு இடத்தில் வைத்துவிட்டால் அன்று முழுக்க முகம் கொடுக்கமாட்டார். ஆனால் பழுதான ஒன்றைப் பார்த்துவிட்டு அப்படியே கடந்துபோகவும் அவருக்குத் தெரியாது. கோயில் ஒலிபெருக்கியோ, எதிர்வீட்டுத் தையல் மெஷினோ, கழற்றிப் போட்டு உட்கார்ந்துவிடுவார். மகள் பிறந்தபோது மட்டும் ஆள் மாறிப்போனார். வேலை முடிந்து வந்ததும் சவுக்காரத்தைப் போட்டு அரைமணி நேரம் கை கழுவுவார். அப்படியும் நகக்கண்ணில் கிரீஸ் தெரிந்தால் குழந்தையைத் துண்டில் சுற்றித்தான் தூக்குவார்.

என்னை ஆலையில் சேர்த்துவிட்டவர் அவர்தான். நான் கொதிகலன் பகுதிக்குப் போனேன். அங்கே விறகும் கிடையாது, நிலக்கரியும் கிடையாது. பழத்தைப் பிழிந்தபின் வரும் நாரும், கொட்டையை உடைத்தபின் வரும் ஓடும்தான் அடுப்புக்கு. அந்த நெருப்பில் எழும் ஆவியில்தான் ஆலையின் சக்கரம் எல்லாம் சுற்றியது; அடுத்த லாரிப் பழமும் அதே ஆவியில்தான் வெந்தது. வெந்த பழம் மறுபடி நாரும் ஓடும் தந்தது. எதையும் வெளியிலிருந்து வாங்கிப் போடாமல் தன் கழிவைத் தானே எரித்துக்கொண்டு ஓர் ஆலை ஓடுகிறது என்பது அப்போது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. அண்ணனுக்கு அதிசயமில்லை. "பழத்துல எண்ணெய் இருக்கு, எண்ணெய் எரியும், அவ்ளோதான் லா" என்பார்.

அந்தக் காலத்தில் குளம் திறந்துதான் கிடந்தது. மலாய்க்காரர்கள் அதைக் 'கோலாம்' என்றார்கள், நாங்கள் 'குளம்' என்றோம். சொல்லில் பெரிய வித்தியாசமில்லை. காபிக் கசண்டு நிறத்தில், மேலே ஆடை கட்டி, ஓயாமல் குமிழி விட்டுக்கொண்டிருக்கும். நாற்றம் தொழிலாளர் லயத்து வீடுகள் வரை வரும். பழகிவிட்டால் தெரியாது.

ஒரு மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அண்ணன் என்னைக் குளக்கரைக்குக் கூப்பிட்டார்.

"இங்க வா லா. ஒன்னு காட்டுறேன்."

ஒரு மினரல் வாட்டர் போத்தலில் தண்ணீர் நிரப்பி, ஒரு கழியில் தலைகீழாகக் கட்டி, குமிழி வரும் இடத்தில் வாயை அமிழ்த்தினார். குமிழி ஒவ்வொன்றாக உள்ளே ஏற, தண்ணீர் இறங்கியது. போத்தல் நிறைந்ததும் வாயை விரலால் மூடி வெளியே எடுத்து, லைட்டரைப் பற்றவைத்து விரலை விலக்கினார். போத்தல் வாயின் ஓரத்தில் நீலமாக ஒரு சுடர் நின்றது. பகல் வெளிச்சத்தில் அது இருக்கிறதா இல்லையா என்றே சரியாகத் தெரியவில்லை. கையை அருகே கொண்டுபோனபோதுதான் சுட்டது.

"பாத்தியா? நம்ம மில்லு சாக்கடையில அடுப்பே எரிக்கலாம். இத்தனையும் சும்மா வானத்துக்குப் போவுது."

அவருக்கு அது எரியும் என்று தெரிந்திருந்தது. கொல்லும் என்று தெரியவில்லை. ஆலையில் யாரும் அதை அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. எனக்கும்தான்.

நோன்புப் பெருநாளுக்கு ஆலை சில நாட்கள் நின்றிருந்தது. விடுமுறை முடிந்து கொதிகலனைப் பற்றவைத்து ஓட்டத் தொடங்கிய காலை அது. கழிவுநீரைக் குளத்துக்குத் தள்ளும் பம்பு ஒரு குழிக்குள் இருந்தது. இரண்டு ஆள் ஆழம், பக்கவாட்டில் இரும்பு ஏணி. நின்றிருந்த நாட்களில் அடியில் நார் படிந்து பம்பு அடைத்துக்கொண்டது. அடைப்பை எடுக்க இந்தோனேசியத் தொழிலாளி ஒருவர் இறங்கினார். வந்து சில மாதங்களே ஆனவர். யாரோடும் அதிகம் பேசமாட்டார். இறங்கி, சேற்றைக் கம்பியால் கிளறியவர், அப்படியே மடங்கி விழுந்தார். மேலே நின்ற அண்ணன், வழுக்கி விழுந்துவிட்டார் என்று நினைத்திருக்க வேண்டும். "தூக்குங்கடா" என்று கத்திக்கொண்டே ஏணியில் இறங்கினார்.

நான் கத்தலைக் கேட்டுக் கொதிகலன் பகுதியிலிருந்து ஓடி வந்தபோது அண்ணனின் முதுகு மட்டும் தெரிந்தது. மற்றவர்மேல் குனிந்தாற்போல் கிடந்தார். சட்டை காற்றில் லேசாக உப்பியிருந்தது. அசைவில்லை.

ஏணியில் காலை வைத்தேன். பின்னாலிருந்து ஒரு கை என் இடுப்பைச் சுற்றி இழுத்தது. ஆலை வெல்டர், ஐம்பது வயது மலாய்க்காரர். எல்லோரும் அவரை 'அபாங்' என்போம், மலாயில் அண்ணன். "ஜாங்ஙான்! ஜாங்ஙான் துருன்!" இறங்காதே, இறங்காதே என்று காதருகே அலறினார். நான் திமிறினேன். சொல்லக்கூடாத சொல்லெல்லாம் சொன்னேன். கடைசியில் அவர் முழங்கையைக் கடித்தேன். ரத்தம் உப்புக்கரித்தது. அவர் பிடியை விடவில்லை.

தீயணைப்பு வண்டி வந்தது. முகமூடியும் முதுகில் காற்று உருளையும் மாட்டிய இருவர் இறங்கி இரண்டு பேரையும் மேலே கொண்டுவந்தார்கள். அண்ணன் முகத்தில் காயம் ஒன்றுமில்லை. நகக்கண்ணில் மட்டும் சேறு.

அண்ணிக்குச் செய்தியைச் சொன்னவன் நான். அவர் அப்போது வாசலில் மகளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தார். மகளுக்கு நான்கு வயது. நான் சொல்லி முடித்தபிறகும் சீப்பு இரண்டுமுறை மேலிருந்து கீழே இறங்கியது. பிறகுதான் கீழே விழுந்தது.

விசாரணை நடந்தது. குழியைச் சுற்றி வேலி வந்தது, மண்டையோடு போட்ட பலகை வந்தது. இந்தோனேசியரின் உடலை அவர் ஊருக்கு அனுப்பினார்கள். அவர் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று நான் விசாரிக்கவே இல்லை. அது இன்றும் உறுத்துகிறது. எங்களுக்கு டாக்டர் ஒரு தாளில் மூச்சுத்திணறல் என்று எழுதிக்கொடுத்தார். விஷவாயு என்று ஆளாளுக்குப் பேசினார்கள். என்ன விஷம், எப்படி, எவ்வளவு நேரத்தில் என்று யாரும் எங்களை உட்காரவைத்துச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே தெரியாது.

அண்ணி மகளைக் கூட்டிக்கொண்டு புக்கிட் காத்தில் பக்கம் ஒரு தாமான் குடியிருப்பில் தன் தங்கை வீட்டுக்கு அருகே குடிபோனார். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமையலுக்குப் போனார். பிறகு சாலையோரம் வடை, பஜ்ஜி கடை போட்டார். நான் மாதம் இரண்டுமுறை போய்ப் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் ஒரே பேச்சுதான்.

"அந்த மில்ல விட்டு வாங்க தம்பி. சிங்கப்பூருக்குப் போங்க, லோரி ஓட்டுங்க. ஏதாச்சும் செய்யுங்க."

சரி அண்ணி என்பேன். விடவில்லை. வேறு வேலை தெரியாது என்பது பாதிக் காரணம். அண்ணனை விட்டுவிட்டு நான் மட்டும் அங்கிருந்து போவதா என்ற எண்ணம் மீதி. அந்த எண்ணத்தை வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை.

வருடங்கள் போயின. ஒருநாள் அளவெடுப்பவர்கள் வந்தார்கள், பிறகு மண்வாரி இயந்திரங்கள். குளத்தைத் தூர்வாரி, உறை போட்டு மூடி, வாயுவைப் பிடித்து மின்சாரம் எடுக்கப் போவதாகச் சொன்னார்கள். பழைய குழியை மண் கொட்டி நிரப்பிவிட்டார்கள். திட்டத்தைக் கவனிக்கப் பினாங்கிலிருந்து ஒரு பெண் என்ஜினியர் வந்திருந்தார். வெயிலில் முகம் சிவந்து, கால்சராய் முட்டிவரை சேறாக நிற்பார். ஒரு காலை எங்களையெல்லாம் பட்டறையில் உட்காரவைத்து மலாயில் விளக்கினார்.

குளத்திலிருந்து வருவது ஒரே வாயு இல்லை என்றார். ஒன்று எரியும், அதுதான் நமக்கு வேண்டியது, காற்றைவிட லேசு, மேலே போய்விடும். கூடவே இன்னொன்று கொஞ்சமாக வரும். அழுகிய முட்டை நாற்றம். அது காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தங்கும். தேங்கிய சேற்றைக் கிளறினால் ஒரே வீச்சாக எழும். கொஞ்சமாக இருந்தால் மூக்கு காட்டிக்கொடுக்கும். மிகுந்துபோனால் முதலில் மூக்கையே அது மரத்துப்போக வைத்துவிடும்; நாற்றம் நின்றுவிட்டது, ஆபத்தில்லை என்று தோன்றும். ஒன்றிரண்டு மூச்சில் ஆள் நினைவிழந்து விழுவார். காப்பாற்ற இறங்குபவரும் அப்படியே.

மற்றவர்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். என் கையில் பேனா நின்றுவிட்டது. இத்தனை வருடமும் நான் தேடாமல் தேடிக்கொண்டிருந்த பதில், ஒரு வேலைப் பயிற்சியின் நடுவே, வெள்ளைப் பலகையில் இரண்டு வரியாக வந்து நின்றது. அண்ணன் ஏன் கூப்பிடவில்லை, ஏன் ஏணியை எட்டிப் பிடிக்கவில்லை என்பதெல்லாம் அந்த இரண்டு வரியில் இருந்தது.

கூட்டம் கலைந்ததும் என்ஜினியரிடம் போய், "இந்த வேலைக்கு ஆள் எடுத்தால் என்னை எடுங்கள்" என்றேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். அவர் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "உறுதியாகத்தான் சொல்கிறீர்களா?" என்று ஒருமுறை கேட்டார். ஆமாம் என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கா பத்துவுக்குப் போனேன். வெல்டர் அபாங் வேலையிலிருந்து ஓய்வுபெற்றுக் கடலோரம் மகன் வீட்டில் இருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்து, முழங்கையைத் திருப்பிக் காட்டினார். அரைவட்டமாகத் தழும்பு. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரிப்பு நின்றது. வேறோர் ஆலையில் இளம்வயதில் இதேபோல் மூன்று பேர் ஒருவர்பின் ஒருவராக இறங்கியதைப் பார்த்தவராம். "உன்னைப் பிடித்தது பெரிதில்லை" என்றார் மலாயில். "உன் அண்ணனைப் பிடிக்க ஓடினேன். இரண்டு எட்டு தாமதம்." அவர் மருமகள் கொண்டுவந்த தேநீர் ஆறிப்போயிற்று.

அண்ணியிடம் புதிய வேலையைப் பற்றிச் சொன்னது நான் செய்த தவறா, சொன்ன விதம் தவறா என்று தெரியவில்லை. கடையில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்த நேரத்தில், நின்றபடி, "குளத்து கேஸ்ல கரண்டு எடுக்கப் போறாங்க அண்ணி. நான் அதுக்கு மாறிட்டேன்" என்றேன்.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அவர முழுங்குன குளத்துக்கே நீங்க சோறு போடப் போறீங்களா?"

அன்றோடு பேச்சு நின்றது. வீட்டு விசேஷங்களில் என் இலையில் பரிமாறுவார், முகத்தைப் பார்க்கமாட்டார். நான் கேட்டதற்கு மகளிடம் பதில் சொல்லுவார். மகள்தான் எங்கள் இருவருக்கும் நடுவே போய்வந்துகொண்டிருந்தாள். நான் அவரை விட்டுவிட்டேன். கோபம் தானாகத் தணியட்டும் என்று இருந்துவிட்டேன்.

வாயுவை எஞ்சினுக்கு அனுப்புமுன் ஒரு கோபுரத்தில் கழுவுவோம்; அந்தக் கொல்லும் வாயுவை அதில்தான் பிரித்தெடுப்பது. கோபுரத்தின் அடியில் ஒரு தொட்டி. சென்ற வருடம் அதில் படிந்த கசடை அள்ளக் குத்தகைக்காரர் ஆட்களை அனுப்பினார். மூன்று வங்காளதேசத் தொழிலாளர்கள், ஒரு சூப்பர்வைசர். சூப்பர்வைசர் நம் ஆள்தான், முப்பது வயதிருக்கும். ஆலை மேனேஜர் அன்று ஊரில் இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது தொட்டியின் மூடியைத் திறந்து ஏணியை இறக்கியிருந்தார்கள். ஒருவர் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார்.

"கேஸ் மீட்டர் விட்டுப் பாத்தீங்களா?" என்றேன்.

"நேத்தே தொறந்து வச்சாச்சு அண்ணே. காத்தாடிடிச்சு. மத்தியானத்துக்குள்ள முடிக்கணும் லா."

"மீட்டர் எங்க?"

"ஒப்பிஸ்ல இருக்கு. வாசமே இல்லண்ணே, நீங்களே மோந்து பாருங்க."

வாசமே இல்லை. அந்தச் சொல்லைக் கேட்டதும் என் கால் தானாக நடந்தது. ஏணியை உருவி வெளியே போட்டுவிட்டுத் தொட்டியின் வாய்மேல் மூடியை இழுத்து, அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"அண்ணே, என்னா இது? எழுந்திரிங்க. நான் ரிப்போர்ட் பண்ணுவேன்."

"பண்ணு. மீட்டர் வராம நான் எழுந்திரிக்க மாட்டேன்."

அவன் போனில் யார் யாரையோ கூப்பிட்டான். என்னைக் கிழட்டுப் பிடிவாதக்காரன் என்று யாரிடமோ சொன்னான். தொழிலாளர்கள் மூவரும் எங்களை மாறிமாறிப் பார்த்தபடி நின்றார்கள். வெயில் ஏறியது. மூடியின் இரும்பு தொடையைச் சுட்டது. ஒருமணி நேரம் கழித்து அலுவலகத்திலிருந்து மீட்டர் வந்தது. நானே கயிற்றில் கட்டி, மூடியைச் சற்று நகர்த்தி இறக்கினேன். பாதி ஆழம் போகுமுன் அது வீரிட்டது. சிவப்பு விளக்கு அடித்துக்கொண்டது. நிறுத்தவே இல்லை.

கையுறை மாட்டியிருந்தவர் அதை மெதுவாகக் கழற்றினார். தரையில் உட்கார்ந்தார். செத்துப்போயிருப்பேனா என்று மலாயில் கேட்டார். ஆமாம் என்றேன். சூப்பர்வைசரின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, அவன் எடுக்கவில்லை.

நான் கழிப்பறைக்குப் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டேன். குழாயைத் திறந்து முகம் கழுவிக்கொண்டேன். வெற்றி என்று ஒன்றும் தோன்றவில்லை. அண்ணன் போன அன்று காலை அந்தக் குழியின் ஓரத்தில் இப்படி ஒருவர் உட்கார்ந்திருந்தால் போதுமே என்றுதான் தோன்றியது.

வேலையைத் தடுத்ததற்கு விளக்கம் கேட்டு எனக்குக் கடிதம் வந்தது. எழுதிக்கொடுத்தேன். மேனேஜர் படித்துக் கையெழுத்துப் போட்டார். கடிதம் இன்னும் என் கோப்பில்தான் இருக்கிறது. ஆனால் அதற்குப்பின் காற்றுச் செலுத்தும் விசிறியும் மீட்டரும் இல்லாமல் யாரும் அந்த மூடியைத் தொடுவதில்லை.

நடந்த கதை கோயிலுக்கு வருபவர்கள் வழியாகப் புக்கிட் காத்தில் வரை போயிருக்கிறது. ஒரு சனிக்கிழமை மாலை, மகள் கார் ஓட்ட, அண்ணி ஆலை வாசலில் வந்து இறங்கினார். கையில் ஒரு பொட்டலம் வடை. காவலரிடம் கையெழுத்துப் போட்டுத் தலைக்கவசம் வாங்கி மாட்டிக் கூட்டிப்போனேன். கறுப்பு உறை உப்பி, மாடு படுத்திருப்பதுபோல் கிடந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"எங்கடையில மிஞ்சுற எண்ணெயயும் வந்து எடுத்துட்டுப் போறாங்க" என்றார், என்னிடமே, நேராக. "வண்டிக்கு டீசலாக்குவாங்களாம். வடை சுட்ட எண்ணெய்ல வண்டி ஓடுமான்னு நான் சிரிச்சேன்."

"ஓடும் அண்ணி. பம்புல நாம அடிக்கிற டீசல்லயே செம்பனை எண்ணெய் கலந்துதான் வருது."

"அந்தக் குழி எது?"

நிரப்பிய இடத்தைக் காட்டினேன். இப்போது அங்கே கொட்டை ஓடு குவித்திருக்கிறார்கள். அவர் அருகே போகவில்லை.

"ரொம்ப வலிச்சிருக்குமா தம்பி?"

"இல்ல அண்ணி."

"எங்களக் கூப்பிட்டிருப்பாரா?"

"கூப்பிட நேரம் இருந்திருக்காது. ரெண்டு மூச்சுதான். அதுக்கப்புறம் அவருக்கு ஒன்னுமே தெரிஞ்சிருக்காது." என்ஜினியர் பலகையில் எழுதியதையெல்லாம் எனக்குத் தெரிந்தபடி சொன்னேன். மகள் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் என்னா நெனச்சேன்னா," என்றார் அண்ணி, "உள்ள கெடந்து கத்திக்கிட்டே இருந்தாருன்னு. யாருக்கும் கேக்கலன்னு. இத்தன வருசமும் எனக்குக் கேட்டுச்சு." பிறகு என் பக்கம் திரும்பினார். "இது உங்களுக்கு எப்பத்திலேந்து தெரியும்?"

"குளத்த மூடுன வருசத்திலேந்து."

"அப்பவே வந்து சொல்லியிருக்கலாமே தம்பி."

பேசாமல் இருந்தவர் அவர் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காரில் ஏறும்போது, அடுத்த மாதம் அண்ணனின் திதி வருகிறது, வரவேண்டும் என்றார். போனேன். படையல் முடிந்ததும், சாப்பாட்டுக்கு முன், மகள் பாயை விரித்து என்னை உட்காரச் சொன்னாள். முதலிலிருந்து சொல்லுங்கள் சித்தப்பா, எனக்கு அப்பாவே சரியாக ஞாபகமில்லை என்றாள். சொல்லத் தொடங்கினேன். அண்ணி நடுவில் ஒருமுறை எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, மிச்சத்தையும் கேட்க உட்கார்ந்தார்.